ஐந்து நாளாய்ச் சத்தமில்லை

அத்தியாயம் 9

மடவளை லாபிர் வீட்டில் மாமனாரும் மருமகனும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். ஆனால் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். பகை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வீட்டில் அதற்குப் பெயர் மரியாதை.

மருமகனுக்கு இன்னொரு துண்டு இறைச்சி வைக்கச் சொல்லி லாபிர் மனைவி ஜெஸீமாவிடம் சொல்வார். மருமகன் அஸ்ஃபர் கையெட்டும் தூரத்தில்தான் இருப்பான். ஜெஸீமா மகள் ஆஸிகாவைப் பார்ப்பார். ஆஸிகா கணவனின் பீங்கானில் துண்டை வைப்பாள். போதும் என்று அஸ்ஃபர் அவளிடம் சொல்வான். அந்தப் ‘போதும்’ ஆஸிகாவிடமிருந்து ஜெஸீமாவுக்குப் போய், ஜெஸீமாவிடமிருந்து லாபிருக்குப் போய்ச் சேரும்போது இறைச்சி ஆறிப்போயிருக்கும்.

கல்யாணமாகி நாலு மாதம். அந்தக் குடும்பத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருக்கிறான். அலவத்துகொடையில் பிறந்தவன். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, தாய்மாமன் முஹைதீனின் நிழலில் வளர்ந்தவன். அந்த முஹைதீன் கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் அவனுக்கு வேலை பார்த்து வைத்துவிட்டு, லீவில் வந்து நிற்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்த வியாழக்கிழமை பயணம்.

அஸ்ஃபருக்குப் போக மனமில்லை. நாலு மாத மனைவியை விட்டுப் போக எவனுக்குத்தான் மனம் வரும்? அவனுக்கு ஒரேயொரு வழி இருந்தது. கணினி விளையாட்டுகள் செய்யும் கொழும்புக் கம்பெனி ஒன்று அவன் செய்து காட்டும் ஒரு காட்சியைப் பார்க்கச் சம்மதித்திருந்தது. பிடித்துவிட்டால் மடவளையில் இருந்தபடியே வேலை. பிடிக்காவிட்டால் கட்டார்.

அதை அவர்கள் வீடியோ கோலில் பார்க்கப்போவது இன்று, வியாழக்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்கு.

*

காலை ஏழு மணிக்கு ஆஸிகா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கண்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. அலுமாரியைத் திறந்து மூன்றாவது தடவையாகத் தலைக்குப் போடும் தன் இளநீல ஷோலைத் தேடினாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அதைக் காணவில்லை. கொடியிலும் இல்லை, கூடையிலும் இல்லை. கடைசியில் கபில நிற ஷோலைப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

அஸ்ஃபர் மேசையில் முழங்கையை ஊன்றித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மடிக்கணினி விளையாட்டுக்காரர்களுக்கென்றே செய்தது. கறுப்பு உடம்பு, சிவப்பு வெளிச்சம், உள்ளே படங்களுக்கென்று தனி கிராபிக்ஸ் கார்ட். அதைப் பார்த்துவிட்டுத்தான், மாப்பிள்ளை நாள் முழுக்க கேம் அடிக்கிறார் என்று ஊரில் பாதிப் பேர் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவன் ஒரு கேமும் அடிப்பதில்லை. அடுத்தவர்கள் அடிப்பதற்குச் செய்கிறவன் அவன்.

திரையில் கண்டித் தெருவொன்றில் ஒரு புடவைக் கடை. வெளியே மழைக்காற்று. வாசல் கம்பியில் ஒரு நீலத் துணி தொங்குகிறது. காற்றடிக்கும்போது அது எழும்பி, மடிந்து, கடைக்காரரின் தோளில் பட்டு வழுக்கி விழ வேண்டும். விழவில்லை. அரைகுறையாய் எழும்பி, அந்தரத்தில் நின்று, திக்கித் திக்கிக் கீழே வந்தது. மரப்பலகைக்கு நீலப் பெயின்ட் அடித்தது போல இருந்தது.

"செக்கனுக்கு ஒன்பது படம்தான் ஓடுது. போன கிழம அறுபது ஓடின. அஞ்சு நாளா ஒவ்வொரு வரியாப் பாத்துட்டேன், பிழை எங்கேன்னு புடிபடுதில்ல" என்றான்.

"இன்னும் நேரம் ஈக்குதானே."

"நேரம் ஈக்கிது. மூளைதான் இல்ல." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "போன கிழம ஓடினது ஏதோ குருட்டு யோகம் போல. எனக்கு இது வராது, ஆஸிகா. எனக்குக் களஞ்சியத்துல பெட்டி எண்ணுறதுதான் எழுதியீக்கி."

இந்த மனிதனை ஆஸிகாவுக்கு அவ்வளவு பிடிக்கும். உம்மா வாப்பா பார்த்துச் செய்த கல்யாணம்தான், இருந்தும் நாலே மாதத்தில் அவனில்லாத அறையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கட்டிலுக்கடியில் அவனுடைய சூட்கேஸ் கிடந்தது. அதன் விளிம்பு காலில் தட்டும்போதெல்லாம் ஆத்திரமாய் வந்தது. குதிகாலால் அதை உள்ளே தள்ளிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

லாபிருக்கு வீட்டிலிருந்து ஐம்பது அடியில் ஒரு மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, அரிசி அரைக்கிற மில். முப்பது வருஷமாய் அந்த இரைச்சலுக்குள் நிற்பவர். அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. மெஷினுக்கு என்ன நோய் என்று கண்ணால் பார்க்க மாட்டார், காதால் கேட்பார்.

அன்று பெரிய மோட்டரின் பெல்ட் வெடித்துவிட்டது. புதுப் பெல்ட் வாங்க கண்டிக்குப் போனவர், இரண்டு மணியளவில் மகளின் கடைக்குள் எட்டிப் பார்த்தார். பெல்ட்டை மாலை போலத் தோளில் போட்டிருந்தார். வாப்பாவை அந்தக் கோலத்தில் கண்ட ஆஸிகாவுக்கு, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

லாபிர் சுற்றி வளைத்தார். இரண்டு மூக்குக்கண்ணாடிகளைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழை வருமா என்றார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"புள்ள, மருமகன் வேலைய உட்டுட்டாரா?"

"இல்லையே வாப்பா. ஏன்?"

"அஞ்சு நாளா அவர்ட மெஷின் சத்தமில்ல. முந்தியெல்லாம் மில்லப் பூட்டிட்டு வாறப்பவே ஊதிக்கிட்டு ஈக்கும். இப்ப சைலன்ட். ஒருவேளை மனசு உட்டுப் போய் சும்மா குந்தியீக்காரோன்னு எனக்கு ஒரு யோசன."

ஆஸிகா கையிலிருந்த துடைக்கும் துணியை மேசையில் வைத்தாள்.

"வாப்பா, நீங்கதானே அந்தச் சத்தம் கரச்சல்னு உம்மாக்கிட்ட சொன்னது?"

"நானா? ஏன் மெஷின் இப்படி இரையுதுன்னு கேட்டேன். பாரமான வேல போலன்னும் சொன்னேன். கரச்சல்னு நான் சொல்லல்லயே. முப்பது வருஷமா மில்லுக்குள்ள நிக்கிற ஆளுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா?" தோளிலிருந்த பெல்ட்டைத் தட்டினார். "சும்மா நிக்கிற மெஷின் சத்தம் போடாது. ஆனா மிளகாயும் போட்டு, ஸ்விச்சும் போட்டு, சத்தம் வரல்லையென்டா பெல்ட் கழண்டு போச்சுன்னு அர்த்தம்."

ஆஸிகா கண்ணாடி அலுமாரியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெல்ட்டைக் கழற்றியது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

*

நடந்தது இதுதான். போன வெள்ளிக்கிழமை லாபிர் சாதாரணமாய்க் கேட்ட கேள்வியை ஜெஸீமா மகளிடம் கொண்டுபோனார். "வாப்பா அந்தச் சத்தத்தப் பத்திக் கேட்டாரு, பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். ஜெஸீமா பொய் சேர்க்கவில்லை. ஆனால் ‘பாத்துக்க’ என்ற ஒரு சொல்லில் ஒரு குடம் கவலையை ஊற்றத் தெரிந்தவர் அவர்.

ஆஸிகா அதைக் கணவனிடம் சொல்லவில்லை. பெண் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை. உங்கள் மெஷின் வாப்பாவுக்குத் தொந்தரவு என்று சொன்னால் அவன் மனம் என்ன பாடுபடும்? சனிக்கிழமை அஸ்ஃபர் அஸர் தொழப் பள்ளிக்குப் போன நேரம், போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவளே கணினியைத் திறந்தாள்.

கண்ட்ரோல் பேனலில் ‘ஃபிஸ்எக்ஸ்’ என்று ஒரு இடம் இருந்தது. துணி பறப்பது, கண்ணாடி சிதறுவது, புகை சுழல்வது போன்றவற்றின் கணக்கை யார் போடுவது என்று அங்கேதான் தீர்மானிக்கலாம். மூன்று தெரிவுகள். தானாகத் தெரிவு செய்வது, கிராபிக்ஸ் கார்ட், சிபியூ. கேம் விளையாடாதவர்கள் சிபியூவில் போட்டால் சூடும் சத்தமும் குறையும் என்றார் வீடியோக்காரர். இவர்தான் கேம் விளையாடுவதில்லையே என்று ஆஸிகா சிபியூவைத் தட்டினாள். சத்தம் அடங்கியது. கெட்டிக்காரத்தனமாய் ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டோம் என்று சந்தோஷமாய் இஞ்சி பிளேன்டீ ஊற்றிக் குடித்தாள்.

பாவம், அவளுக்கு விளங்காமல் போனது இதுதான். கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் ஒருவர் இருப்பார். எல்லாம் தெரிந்தவர், கைதேர்ந்தவர். அதற்காக இரண்டு மூட்டை வெங்காயத்தையும் அவரே தனியாய் உரிக்க உட்கார்ந்தால் சோறு எப்போது வருவது? வெங்காயத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐம்பது பேர் வேண்டும். சிபியூ அந்தச் சமையல்காரர். கிராபிக்ஸ் கார்ட் அந்த ஐம்பது பேர். பறக்கிற துணி ஒன்றில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று நொடிக்கு நொடி கணக்குப் போட வேண்டும். அஸ்ஃபர் அதை ஐம்பது பேரை நம்பி எழுதியிருந்தான். ஆஸிகா அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அஸ்ஃபர் ஏன் அதைப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். கணினி வாங்கிய முதல் நாளே அந்த இடத்தைத் தன் கையால் சரிசெய்து வைத்தவன் அவன். கதவைப் பூட்டிய ஞாபகம் இருப்பவன் மறுபடி பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை.

*

ஆஸிகா கடைச் சொந்தக்காரரிடம் அரை நாள் லீவு கேட்டாள். ஒரு வாடிக்கையாளர் வந்து, இன்னொருவர் வந்து, அவள் வெளியே இறங்கும்போது மணி மூன்று ஆகப் போனது. அதற்குள் வாப்பா மோட்டார் சைக்கிளில் போய்விட்டிருந்தார்.

அஸ்ஃபரை அழைத்தாள். கிடைக்கவில்லை. அந்த வீட்டில் போன் பேசுவதென்றால் முன்படியில்தான் நிற்க வேண்டும், பின்னறைக்குள் போனால் பேச்சு அறுந்துவிடும். மற்ற நாளென்றால் வைஃபையில் மெசேஜ் போகும். லைன் முழுவதும் அந்த வீடியோ கோலுக்கு வேண்டுமென்று இன்று போனில் அதையும் அவன் நிறுத்தி வைத்திருந்தான். உம்மாவை அழைத்தாள். ஜெஸீமாவின் போன் பிரிட்ஜுக்கு மேலே தன்பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் அவள் ஏறிய பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் வந்து அசையாமல் நின்றது. மூன்று நாற்பதுக்கு ஒன்பதாவது தடவையாக அழைத்தபோது ஜெஸீமா எடுத்தார்.

"உம்மா, அவருக்கிட்ட அவசரமாக் கதைக்கணும்."

"ஏலாது புள்ள. கோல் தொடங்கிட்டுது. கெமராவுக்கு முன்னால குந்தியீக்காரு. ஒரு பொம்புளையும் ரெண்டு ஆம்புளைகளும் இங்கிலீசுல கேள்வி கேக்காங்க. நான் எப்படி உள்ளுக்குப் போறது?"

மருமகன் இருக்கும் அறைக்குள் ஜெஸீமா நாலு மாதத்தில் ஒரு தடவையும் நுழைந்ததில்லை. தேநீரைக்கூட வாசல் திரைக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு வளையலை ஆட்டிச் சத்தம் காட்டுவார்.

"காட்சியக் காட்டிட்டாரா?"

"இன்னும் இல்ல போல. கதைச்சிக்கிட்டுத்தான் ஈக்காங்க."

பஸ்ஸுக்குள் நாற்பது பேர் இருந்தார்கள். வெட்கப்படுகிற நேரமா இது?

"அப்ப வாப்பாவக் கூப்பிடுங்க, உம்மா. வாப்பாவ உள்ளுக்கு அனுப்புங்க."

"வாப்பாவையா? அவருக்கிட்ட நேராக் கதைக்கவா?"

"ஓம், நேரா."

*

லாபிர் புதுப் பெல்ட்டை மாட்டி, சோதித்துப் பார்க்க இரண்டு கிலோ மிளகாயைப் போட்டிருந்த நேரம் அது. அப்படியே ஓடி வந்தார். தொப்பி, மீசை, சட்டை எல்லாம் சிவப்பு. முன்படியில் நின்ற ஜெஸீமா காதில் போனை வைத்துக்கொண்டு மகள் சொல்வதைச் சொல்லச் சொல்ல, லாபிர் தலையாட்டிக் கேட்டார்.

"ஃபிஸ்எக்ஸாம். அதை சிபியூவில போட்டீக்காம். சனிக்கிழமை ஆஸிகாதான் அவருக்குத் தெரியாம மாத்தியீக்கா. அதைக் கிராபிக்ஸ் கார்டுக்கு மாத்தணுமாம். துணி அதாலதான் நிக்கிதாம்."

லாபிருக்கு இதில் பாதிச் சொற்கள் புதிது. ஆனால் விஷயம் பழையது. அவருடைய மில்லிலும் பெரியதும் சின்னதுமாய் இரண்டு மோட்டர்கள் இருக்கின்றன.

கூடத்தைத் தாண்டி அறைத் திரைக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே அஸ்ஃபரின் குரல் கேட்டது. துணி சரியாக ஓடவில்லை, அதற்கு மன்னிக்க வேண்டும் என்று அவன் காட்டுவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் அந்தக் குரல் லாபிருக்குப் புரிந்தது. அதைக் கேட்ட பிறகு அவரால் வெளியே நிற்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு மாத மரியாதையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

"மருமகன்."

அஸ்ஃபர் கதிரையிலிருந்து பாதி எழும்பினான். மாமாவை அந்த அறையில் அவன் எதிர்பார்த்திருக்கவில்லை, அதுவும் செக்கச்சிவந்த கோலத்தில். எழும்பிய வேகத்தில் மிளகாய்த்தூள் மூக்கில் ஏறி மூன்று தும்மல் வந்தது. கணினித் திரைக்குள்ளே இருந்த மூவரும் உற்றுப் பார்த்தார்கள்.

"பாரம் சின்ன மோட்டர்ல கிடக்காம். ஃபிஸ்எக்ஸ்ன்னு ஒரு இடமாம். சிபியூவில ஈக்குதாம், அதக் கார்டுக்கு மாத்துங்க" என்றார் லாபிர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆஸிகாதான் மாத்தினா. சத்தம் எனக்குக் கரச்சல்னு நெனச்சிட்டா. அவளோட கோவிக்க வேணாம். நான் கேட்ட கேள்விதான் வழியில திரிஞ்சி போச்சு."

அஸ்ஃபர் சட்டென்று குனிந்து கண்ட்ரோல் பேனலைத் திறந்தான். சிபியூ என்றுதான் இருந்தது. ஐந்து நாள் தூக்கமில்லாமல் தேடிய பிழை, மூன்று தெரிவுகளுக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளியாய் உட்கார்ந்திருந்தது. அதை மாற்றினான். காட்சியை மூடி மறுபடி திறந்தான்.

முதலில் மின்விசிறி முனகியது. பிறகு இரைந்தது. பிறகு மில்லுக்குப் போட்டியாக ஊதத் தொடங்கியது. லாபிரின் முகம் மலர்ந்தது.

"ஆ, இப்ப பெல்ட் புடிச்சிட்டுது" என்றார்.

திரையில் மழைக்காற்று வீசியது. நீலத் துணி எழும்பியது. நடுவில் குழிந்து, ஓரம் சுருண்டு, கடைக்காரரின் தோளைத் தொட்டு வழுக்கி விழுந்து, தரைக்குச் சற்று மேலே ஒருமுறை ஊசலாடி நின்றது. யாரோ கழற்றிப் போட்ட ஷோல் விழுவது போல அவ்வளவு இயல்பாக விழுந்தது.

கம்பெனிக்காரர்களில் மூத்தவள் டிலானி என்ற பெண். இப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அஸ்ஃபர் ஒளிக்கவில்லை. எந்த அமைப்பு மாறியிருந்தது, அதனால் கணக்கு எங்கே போய் நெரிசல் பட்டது, கேமை வாங்குகிறவர்களின் கணினியிலும் இதே நடந்தால் காட்சி தானே கண்டுபிடித்து துணியின் புள்ளிகளைக் குறைத்துக்கொள்ளும்படி எப்படி எழுதலாம் என்று விளக்கினான். ஐந்து நாளாய் ஒவ்வொரு வரியாகப் படித்தவன் அல்லவா? கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் நுனிநாக்கில் இருந்தது.

பின்னால் நிற்கும் சிவப்பு மனிதர் யார் என்று டிலானி கடைசியாகக் கேட்டாள். என் மனைவியின் தகப்பனார், பிழையைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்றான் அஸ்ஃபர். டிலானி சிரித்துவிட்டாள். முதலாந் திகதியிலிருந்து வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், கடிதம் நாளைக்கு வரும் என்று சொல்லி அவர்கள் போனார்கள்.

அறையில் மாமனாரும் மருமகனும் மிஞ்சினார்கள். இருவருக்கும் நடுவில் சொல்லைச் சுமந்து போக ஒருவரும் இல்லை.

"அந்தச் சத்தத்த நிப்பாட்டாதீங்க, மருமகன்" என்றார் லாபிர், கணினியைப் பார்த்தபடி. "நான் மில்லப் பூட்டிட்டு வாறப்ப அது கேட்டா, நம்மட வீட்டுல இன்னொரு மெஷினும் ஓடுதுன்னு ஒரு தெம்பு. அஞ்சு நாளா வீடு வீடு மாதிரி இல்ல."

அஸ்ஃபருக்குக் கண் கலங்கியது. மிளகாய்த்தூள் என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

*

ஆஸிகா வந்து சேரும்போது ஐந்தரை மணி. வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் திரும்பியவுடனேயே அந்த இரைச்சல் கேட்டது. யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கேயே நின்று கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

அறைக்குள் போனதும் நேரே கணவனுக்கு முன்னால் நின்றாள். நான்தான் செய்தேன், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

"அஞ்சு நாளா நான் ஒரு மடையன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன், ஆஸிகா" என்றான் அவன். குரலில் கோபம் இருந்தது. இல்லாமல் இருக்குமா? ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அது பாதி வழியிலேயே கரைந்துவிட்டது. "எனக்கிட்டயே சொல்லியிருக்கலாமே. மாமாக்குச் சத்தம் புடிக்கல்லையென்டா நானே அவர்ட காதுல ஒரு ஹெட்போன மாட்டி உட்டீப்பேனே."

"உங்களுக்கு நோகும்னு நெனச்சேன்."

"நொந்தா நொந்துட்டுப் போகட்டும். இனி ஒண்டையும் ஒளிக்க வேணாம், சரியா?"

"சரி. நீங்களும்தான்."

அவன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அதைக் கவனிக்கவும் இல்லை. அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் முதலில் செய்ய நினைத்தது ஒன்றுதான். ஒரு கிழமையாய்க் காலில் தட்டிக்கொண்டிருந்த அந்த சூட்கேஸைத் தூக்கி அலுமாரிக்கு மேலே எறிய வேண்டும். குனிந்து கைப்பிடியை இழுத்தாள்.

சூட்கேஸ் வரவில்லை. காலையில் இல்லாத கனம்.

இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள். சட்டைகள் ஒழுங்காய் மடித்து அடுக்கியிருந்தன. தொழுகைத் தொப்பி, சவரப் பெட்டி, கல்யாணப் படம் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் தேடிய இளநீல ஷோல். கணினித் திரையில் தொங்கிக்கொண்டிருந்த நீலத் துணியை நிமிர்ந்து பார்த்தாள். அதே நீலம், அதே கரை.

"அதப் பாத்துத்தான் துணியச் செஞ்சேன்" என்றான் அஸ்ஃபர் மெதுவாக. "செவ்வாய்க்கிழமை இன்னொருக்கா எடுத்துப் பாத்தேன், மறுகா திருப்பி வைக்க மனசு வரல்ல. அங்க கொண்டு போகலாம்னு..."

"பயணம் அடுத்த வியாழக்கிழமைதானே? இன்டைக்கே ஏன் அடுக்கி வச்சீக்கிறீங்க?"

அவன் தரையைப் பார்த்தான்.

"முஹைதீன் மாமாட லீவு குறைஞ்சிட்டுது. அவரு இன்டைக்கே போறாரு. திங்கக்கிழமை துணி சுத்தமா நிண்டு போச்சே, அப்ப அவருக்கிட்ட நானும் கூட வாறேன்னு சொல்லிட்டேன். என்ட டிக்கட்டையும் மாத்திட்டாரு. கோல் சரிவரல்லையென்டா உங்களுக்குச் சொல்லலாம்னு இருந்தேன். சரிவந்த சந்தோஷத்துல அவருக்குச் சொல்ல மறந்தே போச்சு. காலைலேருந்து இந்த அறைக்குள்ளயே குந்தினதால என்ட போனும் எடுபடல்ல." சூட்கேஸின் மூடியைச் சாத்தினான். "என்ன வளத்த மனுசன், ஆஸிகா. அங்க முதலாளிக்கு எனக்காக வாக்குக் குடுத்தீக்காரு. அவர்ட மொகத்தப் பாத்து வரல்லன்னு எப்படிச் சொல்றது?"

"எத்தன மணிக்கு வாறாரு?"

"ஆறு மணிக்கு."

ஆஸிகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்று இரண்டு தடவை ஹோன் அடித்தது.

அஸ்ஃபர் எழும்பினான். அவன் வாசல் திரைக்குப் போகும் முன்பே வெளியிலிருந்து குரல் வந்தது. லாபிர்தான். குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எவ்வளவு நேரமாய் அங்கே நின்றார், எதையெல்லாம் கேட்டார் என்று தெரியவில்லை.

"மருமகன், நீங்க இரிங்க" என்றார். இந்தத் தடவை ஜெஸீமாவையும் தேடவில்லை, ஆஸிகாவையும் தேடவில்லை. "அவருக்கிட்ட நான் நேராக் கதைக்கிறேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். கேட்டைத் திறந்தார். வேனிலிருந்து முஹைதீன் இறங்குவது ஜன்னல் வழியே தெரிந்தது. இரண்டு பேரும் ஸலாம் சொல்லிக் கை கொடுத்தார்கள். லாபிர் ஏதோ சொன்னார். முஹைதீன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் சிரிக்கவில்லை. நீண்ட நேரம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். லாபிர் தலையைக் குனிந்து கேட்டார்.

என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. கணினி அப்படி இரைந்துகொண்டிருந்தது. அதை அணைக்க ஆஸிகா கையை நீட்டினாள். பிறகு வாப்பா திரும்பி வரும்போது அது கேட்க வேண்டும் என்று நினைத்து, கையை இழுத்துக்கொண்டாள்.